ஒட்டுப்படம்: கலை எது, பொய் எது?

பழவேற்காடு, பசியாவரம் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு ஃபிளெக்ஸ் பேனராவது கண்ணில் படும். காதணி விழாக் குழந்தை சிங்கத்தின் அருகே அமர்ந்திருக்கும். மணமக்களுக்குப் பின்னால் பனிமலை தெரியும். திருவிழாப் பேனரில் நம் முன்னாள் மாணவர் தனக்குப் பிடித்த நடிகரோடு தோள் உரசி நிற்பார். வெவ்வேறு படங்களை வெட்டி ஒட்டி ஒரே படமாக்கும் இந்தக் கலைக்கு ஃபோட்டோமான்டேஜ் என்று பெயர். தமிழில் ஒட்டுப்படம் எனலாம். ஓவியக் கண்காட்சியையே பார்த்திராத பிள்ளைகளும் இந்தக் கலையை நாள்தோறும் பார்த்துத்தான் வளர்கிறார்கள்.

புயல் எச்சரிக்கை வந்த நாளில், எங்கோ எழுந்த ராட்சத அலையை நம் ஊர்க் கரையோடு இணைத்த படம் செல்பேசிக்கு வந்தால் அதுவும் ஒட்டுப்படம்தான். ஆனால் படகை எங்கே கட்டுவது, முதியவர்களை எப்போது அழைத்துச் செல்வது என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அது வருகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்குப் புரிய வைப்பது எப்படி? என் வகுப்பறையில் பயன்பட்டதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

கணினிக்கு முன்பே

படத்தை மாற்றுவது கணினியோடு வந்த பழக்கம் என்று பலரும் நினைக்கிறோம். இங்கிலாந்தில் வாழ்ந்த ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857இலேயே முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படத்தை உருவாக்கினார். முதல் உலகப் போருக்குப் பின் பெர்லினில் ஹன்னா ஹோக், ஜான் ஹார்ட்ஃபீல்ட் போன்றோர் செய்தித்தாள் படங்களை வெட்டி ஒட்டி அரசியலை விமர்சித்தனர்.

1932இல் ஹார்ட்ஃபீல்ட், மேடையில் முழங்கும் ஹிட்லரின் படத்தோடு எக்ஸ்ரே படம் ஒன்றை இணைத்தார். முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் தங்கக் காசுகள் அடுக்கியிருக்கும். ஹிட்லருக்குப் பின்னால் இருப்பது பணபலம் என்பது எழுத்தறியாதவருக்கும் விளங்கியது. அதை நிஜமான எக்ஸ்ரே என்று யாரும் நம்பவில்லை. நம்ப வைப்பது அவர் நோக்கமும் அல்ல. மறு ஆண்டே அவர் ஜெர்மனியை விட்டுத் தப்பிச் செல்ல நேர்ந்தது.

அதே காலத்தில் சோவியத் நாட்டில் கத்தரி வேறு வேலை செய்தது. கால்வாய்க் கரையில் ஸ்டாலினின் பக்கத்தில் நிற்கும் ரகசியக் காவல்துறைத் தலைவர் யெஷோவ் பதவி இழந்து, 1940இல் மரண தண்டனைக்கு உள்ளானார். பின்னர் வெளியான அதே படத்தில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டுமே இருந்தது.

நம் நாட்டில்

இறந்துபோன தாத்தாவையும் குடும்பப் படத்தில் சேர்த்துத் தரும்படி ஸ்டுடியோவில் கேட்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். ஓவியர் விவான் சுந்தரம், தம் தாத்தா உம்ராவ் சிங் ஷேர்கில் எடுத்த பழைய படங்களைக் கணினியில் இணைத்து, தம் பெரியம்மாவான ஓவியர் அம்ரிதா ஷேர்கில்லைப் பற்றி 2000களின் தொடக்கத்தில் ஒரு படத்தொடரே படைத்தார்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிட்டபோது வெளியான படங்களுள் ஒன்றில், சன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சி வேறொரு படத்திலிருந்து சேர்க்கப்பட்டிருந்தது. கேள்வி எழுந்ததும் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அதை நீக்கியது. இரு படங்கள் இணைக்கப்பட்டதாக விளக்கமும் அளித்தது. பிரதமர் பார்வையிட்டதும் வெள்ளமும் உண்மை. ஆனாலும் செய்திப்படம் என்ற பெயரில் வந்ததால் அந்த ஒட்டு தவறானது.

கோடு எங்கே?

வெட்டி ஒட்டுவது தவறல்ல. ஒட்டியதைப் பார்ப்பவரிடம் மறைப்பதே தவறு. சிங்கத்தின் அருகே இருக்கும் குழந்தையைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. தாத்தா எப்படிப் படத்துக்குள் வந்தார் என்பது குடும்பத்துக்குத் தெரியும். யெஷோவின் இடத்தில் தண்ணீரைப் பார்த்தவருக்கு எதுவும் தெரியாது.

மாணவர்கள் நினைவில் வைக்க மூன்று கேள்விகள் போதும்: ஒட்டியது என்று பார்ப்பவருக்குத் தெரியுமா? படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா? இதை நம்பினால் யாருக்கு என்ன இழப்பு?

வகுப்பறையில்

பழைய செய்தித்தாள், கத்தரி, பசை இருந்தால் போதும், கணினி தேவையில்லை. 'நம் ஏரி' என்று தலைப்புக் கொடுத்தேன். ஒரு குழு மணல்மேட்டின் உச்சியில் படகை ஏற்றி, பக்கத்தில் ஒரு பூநாரையை நிறுத்தியது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து படகுகள் தவிப்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. எந்தக் கேமராவும் எடுக்காத காட்சிதான். ஆனால் அதில் உண்மை இருக்கிறது.

அடுத்து, "இதையே 'இன்று காலை நம் முகத்துவாரத்தில்' என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினால்?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு மாணவி, "அப்போ பொய் ஆயிடும் டீச்சர், படம் அதேதான், ஆனா பொய்" என்றாள். தொடக்க வகுப்புகளுக்கு இந்த அளவு போதும். உயர் வகுப்புகளில் நிழல் விழும் திசை, பொருள்களின் அளவு, படம் முதலில் வெளியான நாள் ஆகியவற்றைச் சரிபார்க்கும் பயிற்சியையும் சேர்க்கலாம்.

மார்ஃபிங் நடந்தால்

மாணவியின் முகத்தை வேறு உடலோடு இணைத்து மிரட்டுவது கலையும் அல்ல, விளையாட்டும் அல்ல. குழந்தைகளை ஆபாசமாகச் சித்திரிக்கும் படங்களை உருவாக்குவதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். போக்சோ சட்டமும் பொருந்தும்; தகவல் அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

அப்படி ஒரு பிள்ளை நம்மிடம் வந்தால், "நீ ஏன் போட்டோ போட்டாய்?" என்று கேட்க வேண்டாம். "தப்பு உன்மேல் இல்லை" என்பதே நம் முதல் சொல்லாக இருக்கட்டும். அந்தப் படத்தைச் சக ஆசிரியருக்குக்கூட அனுப்பக் கூடாது. செல்பேசியில் உள்ள ஆதாரத்தை அழிக்கவும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கு 1930, நம் துறையின் வழிகாட்டி எண் 14417. இந்த மூன்றையும் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் பிள்ளைகள் கையாலேயே எழுதி ஒட்டச் செய்வோம்.