கொழுப்பு மாத்திரையோடு அலர்ஜி மாத்திரை போடலாமா?



மழைக்காலம் வந்தால் வீராம்பட்டினத்தில் வீட்டுக்கு வீடு தும்மல், மூக்கு ஒழுகல். சிலருக்கு இறால், நண்டு சாப்பிட்டாலே உடம்பில் தடிப்பு. அப்போது பெரியவர்கள் எங்களிடம் கேட்பது: "கொழுப்பு மாத்திரை போடுகிறேன், அலர்ஜி மாத்திரையும் சேர்த்துப் போடலாமா?" சிலர் கேட்காமலே கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் கவலை அதுதான். மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் அதைத் தாமாக நிறுத்தினால் மீண்டும் அடைப்பு வரும் ஆபத்து கூடும்.

செட்ரிசின், லெவோசெட்ரிசின், லோரட்டடின், ஃபெக்சோஃபெனடின் ஆகிய அலர்ஜி மாத்திரைகளை அட்டார்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் போன்ற கொழுப்பு மாத்திரைகளோடு பொதுவாகச் சேர்த்துச் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாற்றோடு சாப்பிட்டால் வேலை குறையும், தண்ணீரோடு விழுங்குங்கள்.

கவனம் வேண்டிய இடங்கள் வேறு:

1. சளி, காய்ச்சலுக்கென்று தரும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், தோல் படைக்குத் தரும் இட்ராகோனசோல் ஆகியவை அட்டார்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் மருந்துகளை இரத்தத்தில் தேங்கச் செய்யும். அதனால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம்.

2. மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரைகள் இரத்தக் கொதிப்பை ஏற்றும். இதய நோயாளிகள் கேட்காமல் வாங்கக் கூடாது.

3. ஏவில், சி.பி.எம். போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகள் தூக்கத்தைத் தரும். வயதானவர்கள் தடுமாறி விழலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும்.

4. நெஞ்செரிச்சலுக்கான அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்தை ரோசுவாஸ்டாடின் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தே குடியுங்கள்.

நோன்பு காலத்திலும் நிறுத்த வேண்டியதில்லை. அட்டார்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் இரண்டையும் நோன்பு திறந்த பின்போ சஹரிலோ, தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடலாம். சிம்வாஸ்டாடினை இரவில் சாப்பிடுங்கள்.

காரணமில்லாமல் தசை கடுமையாக வலித்தாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். முகம், நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மருந்துக் கடைக்கோ, ஜிப்மருக்கோ, அரசுப் பொது மருத்துவமனைக்கோ போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துச் சென்று காட்டுங்கள். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகள் இன்றே செய்யக்கூடிய கித்மத் இது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக, ஆமீன்.