உதாடா ஹிகாருவுக்கு அமெரிக்கா ஏன் வசப்படவில்லை?

ஆசியப் பாடகர் ஒருவர் அமெரிக்காவில் வெல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தில் பாடியாக வேண்டும் என்ற நம்பிக்கையை இசை நிறுவனங்கள் நெடுங்காலம் கைவிடவில்லை. அதைச் சோதித்துப் பார்க்க ஜப்பானின் உதாடா ஹிகாருவைவிடப் பொருத்தமானவர் இல்லை. 1983இல் நியூயார்க்கில் பிறந்து, அங்கும் தோக்கியோவிலுமாக வளர்ந்தவர் அவர். தாய் ஃபுஜி கெய்கோ, என்கா என்னும் மரபார்ந்த பாணிப் பாடல்களால் புகழ்பெற்றவர். தந்தை இசைத் தயாரிப்பாளர். 1999இல், 16 வயதில் உதாடா வெளியிட்ட ‘ஃபர்ஸ்ட் லவ்’ ஜப்பானில் 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்நாட்டில் அதைவிட அதிகம் விற்ற ஆல்பம் இன்றுவரை இல்லை. தன் பாடல்களைத் தானே எழுதுபவர். ஆங்கிலம் அவருக்குப் படித்துப் பழகிய மொழியல்ல, வாழ்ந்து பேசிய மொழி. மொழிதான் தடை என்றால், அந்தத் தடை இவருக்கு இருந்ததே இல்லை.

ஆனாலும் முடிவு ஏமாற்றமாகவே இருந்தது. 2004இல் ஐலண்ட் டெஃப் ஜாம் நிறுவனம் ‘உதாடா’ என்ற ஒற்றைப் பெயரில் அவருடைய ‘எக்ஸோடஸ்’ ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட்டது. அப்போது உச்சத்தில் இருந்த இசைத் தயாரிப்பாளர் டிம்பலாண்ட் அதில் சில பாடல்களில் கைகோத்திருந்தார். ‘டெவில் இன்சைட்’ என்ற பாடல் நடன அரங்குகளுக்கான பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆல்பமோ பொதுப் பட்டியலில் 160ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 2009இல் வந்த ‘திஸ் இஸ் தி ஒன்’ வேறு வழியை முயன்றது. அன்றைய வானொலி வெற்றிகளை உருவாக்கிய ஸ்டார்கேட், டிரிக்கி ஸ்டூவர்ட் ஆகியோரே இசைத் தயாரிப்பாளர்கள். அது 69ஆம் இடம்வரை வந்து நின்றது. முதல் ஆல்பம் துணிச்சலான பரிசோதனை. இரண்டாவது சந்தையின் அச்சில் வார்க்கப்பட்டது. இரண்டுமே பெருந்திரளான கேட்பவர்களை எட்டவில்லை என்றால், குறையைப் பாடல்களின் பாணியில் மட்டும் தேட முடியாது.

இல்லாமல்போனது கேட்பவரின் பற்று. முன்பின் அறியாத ஒரு குரலுக்குச் செவிசாய்க்க மக்களுக்கு ஒரு காரணம் வேண்டும். உதாடாவின் வாழ்க்கையிலேயே இதற்கு மறுபக்கச் சான்று இருக்கிறது. 2002இல் வந்த ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ வீடியோ கேமுக்காக அவர் பாடிய ‘சிம்பிள் அண்ட் கிளீன்’, அதை விளையாடிய அமெரிக்க இளைஞர்களின் மனத்தில் நிலைத்துவிட்டது. அதுவும் ஆங்கிலப் பாடல்தான். ஆனால், மணிக்கணக்கில் ஒரு கதைக்குள் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் குரல் அந்தக் கதையின் குரலாகவே ஆகிவிட்டது. அதே கேமின் மூன்றாம் பாகத்துக்காக மின்னணு இசைக் கலைஞர் ஸ்கிரில்லெக்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய ‘ஃபேஸ் மை ஃபியர்ஸ்’தான் 2019இல் அவரை முதன்முறையாக பில்போர்டு ஹாட் 100 பட்டியலுக்குள், 98ஆம் இடத்தில், கொண்டுசேர்த்தது. பெருநிறுவனத்தின் இரண்டு ஆல்பங்கள் தராததை ஒரு வீடியோ கேம் தந்தது.

2004ஆம் ஆண்டின் சூழலே பாதகமானது என்று வாதிடலாம். வானொலியும் தொலைக்காட்சியுமே எதைக் கேட்பது என்று தீர்மானித்த காலம் அது. அமெரிக்க பாப் இசையின் முன்வரிசையில் ஆசிய முகங்கள் அரிதாகவே இருந்தன. இது உண்மை. ஆனால், அந்தத் தடையை ஆங்கிலத்தால் நீக்க முடியவில்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. அதற்கும் முன்பு, 1979இல் ஜப்பானின் பிங்க் லேடி இணையின் ஆங்கிலப் பாடல் ஹாட் 100 பட்டியலில் 37ஆம் இடத்தோடும், 1990இல் மட்சுடா செய்கோவின் ஆங்கில முயற்சி 54ஆம் இடத்தோடும் நின்றன. ஆனால் 1963இல் கியூ சகமோட்டோ முழுக்க ஜப்பானிய மொழியில் பாடிய பாடல், ‘சுகியாகி’ என்ற பெயரில், மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அது திரும்ப நிகழாத அதிசயம் என்று சொல்லலாம். சகமோட்டோவாலேயே அதை மறுபடி செய்ய முடியவில்லைதான். எனவே ஜப்பானிய மொழியில் பாடினால் போதும் என்பதும் சூத்திரமாகாது.

இதைவிட வலுவான எதிர்வாதம் தென்கொரியாவின் பிடிஎஸ். ஹாட் 100இல் அவர்களுக்கு முதன்முதலில் முதலிடம் வாங்கித் தந்தது ‘டைனமைட்’ என்ற ஆங்கிலப் பாடல் (2020). ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2018இல், அவர்களின் கொரிய மொழி ஆல்பம் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பெற்றுவிட்டது. ரசிகர் கூட்டம் திரண்ட பின்னரே ஆங்கிலம் வந்தது. ஜப்பானின் யோவாசோபி 2023இல் ‘ஐடல்’ பாடலால் பில்போர்டின் அமெரிக்கா நீங்கலான உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோதும் இதே வரிசைதான். ஓர் அனிமே தொடரின் தொடக்கப் பாடலாக ஜப்பானிய மொழியில் அது பரவிய பிறகே ஆங்கில வடிவம் வெளியானது.

2022இல் உதாடா இரு மொழிகளையும் கலந்து வெளியிட்ட ‘பேட் மோட்’ ஆல்பத்தை ஆங்கில விமர்சகர்கள் மனமாரப் பாராட்டினார்கள். அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழா மேடையில் ‘சிம்பிள் அண்ட் கிளீன்’ பாடலோடு, ‘ஃபர்ஸ்ட் லவ்’ போன்ற தன் பழைய ஜப்பானியப் பாடல்களையும் அவர் பாடினார். அமெரிக்க மேடையில் நிற்க, தன் ஒரு பாதியை ஒதுக்கிவைக்கும் தேவை அவருக்கு இருக்கவில்லை. எந்த மொழியில் பாடுவது என்பது கலைஞரின் உரிமை. ஆங்கிலத்தை மேற்குலகின் அனுமதிச்சீட்டாக நினைத்து, கேட்பவரோடு உறவை வளர்க்கும் நீண்ட வேலையைத் தவிர்த்ததுதான் நிறுவனங்கள் செய்த பிழை. அடுத்த பாடகரை அனுப்பும் முன், அவருக்காக ஏற்கெனவே காத்திருப்பவர்கள் யார் என்பதையே அவை முதலில் கண்டறிய வேண்டும்.