கேட்டவருக்கு மட்டும் கடிதம்

தவிடு நீக்காத அரிசி விற்கிற எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. நெல்லாக இருக்கிறவரை கவலையில்லை. அரைத்துவிட்டால் நாளை எண்ண ஆரம்பிக்க வேண்டியதுதான். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடை வந்துவிடும், வண்டும் விழும்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று நிலத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டு, மாப்பிள்ளைச் சம்பாவை மொத்தமாக அரைத்து வைத்துவிட்டு நான் மாட்டிக்கொண்டது இப்படித்தான். மகள் இணையதளம் ஒன்று செய்து கொடுத்திருந்தாள். படமெல்லாம் அழகு. தினம் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவன் நான், இன்னொருவர் மருமகன்.

அவசரத்தில் ஒரு காரியம் செய்தேன். பழைய அலுவலக நண்பர்கள், வாடிக்கையாளர்கள், திருமணப் பத்திரிகை அனுப்பச் சேர்த்த முகவரிகள் என்று முந்நூறு சொச்சம் பேருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன். எல்லா முகவரியையும் பெறுநர் கட்டத்திலேயே போட்டுவிட்டேன். ஒருவர் முகவரியை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பெரியவர் 'என் முகவரியை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?' என்று அத்தனை பேருக்கும் சேர்த்தே பதில் போட்டார். வாடிக்கையாளர் விவரத்தை வெளியே விடக்கூடாது என்று காலம் முழுக்கக் கிளையில் பாடம் எடுத்தவன் நான். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தத் தப்பைச் செய்த முதல் ஆள் நானில்லை என்று பிறகு தெரிந்தது. 1978 மே 3 அன்று, அமெரிக்காவில் டிஜிட்டல் எக்யூப்மெண்ட் நிறுவனத்தின் கேரி துர்க், கணினி விற்க நானூறு பேர் அளவில் ஒரே மடலைத் தட்டிவிட்டார். அவர்கள் யாரும் கேட்கவில்லை. கண்டனம் குவிந்தது. உலகின் முதல் ஸ்பேம் என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்து விளம்பரம். உணவு பற்றி வாராவாரம் மின்னஞ்சலில் கடிதம் அனுப்பும் ஒருவரிடம் காசு கொடுத்து நான்கு வரி போட்டேன். அன்றைக்கு மட்டும் தளத்தில் நல்ல கூட்டம். விற்றது என்னமோ சொற்பம். குறை கடிதத்தில் இல்லை, என்னிடம்தான். விளம்பரத்தில் பேசியது மாப்பிள்ளைச் சம்பா. லிங்க்கைத் தட்டினால் திறந்தது முகப்புப் பக்கம், அதில் என் மாட்டுக்கொட்டகை படம். வந்தவர் அரிசியைத் தேடி அலுத்துத் திரும்பிவிட்டார். எந்தப் பொருளைச் சொல்கிறோமோ அந்தப் பக்கத்துக்கே லிங்க் போக வேண்டும். விலை, அரைத்த தேதி, எத்தனை நேரம் ஊற வைப்பது, அனுப்பும் செலவு எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். லிங்க்கின் வாலில் ஒரு அடையாளச் சொல்லைச் சேர்த்துவிட்டால், எந்தக் கடிதம் வழியாக வந்தார்கள் என்று கூகுள் அனலிடிக்ஸ் காட்டிவிடும். அது தெரியாமல் இரண்டாவது முறை காசு கொடுக்காதீர்கள்.

வந்தவர் மறுபடி வர என்ன வழி? பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் வைத்தேன்: 'அரைக்கும் முன் தகவல் வேண்டுமா? மின்னஞ்சல் முகவரி தாருங்கள்.' சந்தையிலும் திருவிழாவிலும் கடை போடும்போது நோட்டு ஒன்றைத் திறந்து வைத்தேன். விரும்பியவர்கள் எழுதினார்கள். மெதுவாகத்தான் சேர்ந்தது. ஆனால் அத்தனையும் கேட்டு வந்த பெயர்கள்.

இப்போது மாதம் இரண்டு கடிதம் எழுதுகிறேன். 'வரும் சனிக்கிழமை அரைக்கிறேன், வேண்டுவோர் புதனுக்குள் சொல்லுங்கள்.' கூடவே வயலில் நடந்தது ஒரு பத்தி, லிங்க் ஒன்றே ஒன்று. கேட்ட அளவுக்கு மட்டும் அரைக்கிறேன். மீதி நெல்லாகவே கிடக்கிறது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் 1986 வாக்கில் தொடங்கிய, நுகர்வோர் முன்பணம் கட்டும் பண்ணைகள் பலவற்றில் காய்கறிக் கூடையோடு ஒரு கடிதமும் போகும். அந்தக் காகிதம்தான் இப்போது மின்னஞ்சலாகியிருக்கிறது.

அனுப்பும் விதத்திலும் சில சங்கதிகள் உண்டு. சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. பட்டியல் வளர்ந்தால் கடிதம் அனுப்பவென்றே உள்ள சேவைகளுக்குப் போய்விடுவது நல்லது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கிவிட்டன. தினம் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர், ஒரே தட்டில் விலகும் வசதி தரவேண்டும். ஆயிரத்தில் மூன்று பேர் ஸ்பேம் என்று குறித்தாலே கடிதம் போய்ச் சேர்வது சந்தேகம். நாம் அவ்வளவு பெரிய ஆள் இல்லை என்றாலும் விலகும் வழியை வைத்துவிடுங்கள். போகிறவர் போகட்டும், கோபத்தோடு போகவேண்டாம். 'எத்தனை பேர் திறந்தார்கள்' என்ற கணக்கையும் நம்பிவிட வேண்டாம். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, திறக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் வருகிறது. லிங்க்கைத் தட்டியவர் எத்தனை, வாங்கியவர் எத்தனை என்று பாருங்கள்.

காசில்லாத விளம்பரம் ஒன்றும் இருக்கிறது. செக்கு எண்ணெய் ஆட்டும் நண்பர் ஒருவர் தன் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். அவர் கடிதத்தில் என் அரிசிக்கு மூன்று வரி, என் கடிதத்தில் அவர் கடலை எண்ணெய்க்கு மூன்று வரி. அரிசி வாங்குகிறவருக்கு எண்ணெயும் வேண்டும்தானே? காசு கொடுத்துப் போட்டதைவிட இது எனக்கு நன்றாகவே வேலை செய்கிறது. நாட்டுச்சர்க்கரை, தேன், சிறுதானியம் வைத்திருக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தாலே இதைத் தொடங்கிவிடலாம்.

ஒன்றே ஒன்று: பட்டியலை மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள். 'உங்க லிஸ்ட்டை அனுப்புங்க சார், நானே போட்டுக்கிறேன்' என்று அந்த நண்பரே கேட்டார். மறுத்தேன். நான்கு நாள் பேசவில்லை. அந்த முகவரிகளை எனக்கு என்று நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. பத்தாயிரம் முகவரி தருகிறேன் என்று ஒரு தரகரும் வந்தார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இந்த வாரம் கருப்புக் கவுனி அரைப்பதாகக் கடிதம் போய்விட்டது. மூன்று நாளாக மழை, களத்தில் நெல் காயவில்லை. 'ஒரு வாரம் பொறுங்கள்' என்று இன்றிரவு இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.