நீரில் மறைந்திருக்கும் கட்மியத்தை மின்வாயினால் அறிதல்

கமக்காரரே! கிணற்று நீர் தெளிவாயிருப்பதால் அது தூயதெனக் கொள்ளலாகாது. கட்மியம் என்னும் உலோகம் நீரிற் சிறிதளவு கரைந்திருப்பின் நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ அறிய இயலாது. நீரைக் காய்ச்சினாலும் அது நீங்காது. யப்பானில் சின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை நெடுங்காலம் உண்டோர் பலர் எலும்பும் சிறுநீரகமும் பழுதுற்று வருந்தினர். சுரங்கத்திலிருந்து வந்த கட்மியமே காரணமென அந்நாட்டரசு 1968ஆம் ஆண்டில் அறிவித்தது.

குடிநீரில் இலீற்றருக்கு 3 மைக்கிரோகிராமுக்கு மேல் கட்மியம் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் மூன்று கூறே இவ்வளவாகும்.

அளக்கும் முறை

இதற்குக் காபன் மின்வாயொன்றின்மேல் பிசுமது என்னும் உலோகம் மெல்லிய படலமாகப் பூசப்படும். முன்னர் இரசம் பயன்பட்டது. அது நஞ்சாதலின், 2000ஆம் ஆண்டு முதல் பிசுமதுப் படலம் வழக்கிற்கு வந்தது.

முதலில், மின்வாய்க்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்துக் கரைசலைச் சில நிமிடங்கள் கலக்குவர். கரைந்துள்ள கட்மியமும் ஈயமும் படலத்திற் படியும். சிதறிய நெல்லைக் களத்திற் குவித்தபின் அளப்பது போன்றதே இது. பின்னர் மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றுங்கால் கட்மியம் முன்னும் ஈயம் பின்னுமாகப் பிரிந்து கரையும். அப்போது தோன்றும் மின்னோட்டம், எவ்வுலோகம் எவ்வளவு உளதென்பதைக் காட்டும். மண்ணாயின், முதலில் அமிலத்தினால் உலோகத்தைக் கரைத்தெடுத்தல் வேண்டும்.

நீர் கவனிக்க வேண்டியவை

1. மாதிரி நீரைத் தூய பிளாத்திக்குப் போத்தலில் எடுக்குக. துத்தநாகம் பூசிய வாளியைத் தவிர்க்குக. அதன் பூச்சிலும் கட்மியம் கலந்திருக்கக் கூடும்.

2. மண்ணை வயலின் பல இடங்களில் எடுத்து ஒன்றாய்க் கலந்து, இடமும் திகதியும் எழுதுக.

3. கட்மியம் மிகுந்த வயலில், நெல் பூக்குங்காலத்திலும் மணி முற்றுங்காலத்திலும் நீரைத் தேக்கி வைக்குக. வயல் காய்ந்தால் பயிர் கட்மியத்தை மிகுதியாய் உறிஞ்சும். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பிடுதல் நன்று.

4. பொசுபேற்றுப் பாறையிற் கட்மியம் இயல்பாகவே உண்டு. ஆதலின் பொசுபேற்றுப் பசளையை மண் பரிசோதனைப்படி அளவாக இடுக.

5. பழைய மின்கலங்களைத் தோட்டத்தில் எறியற்க. கீரை வகைகள் கட்மியத்தை எளிதில் ஏற்கும்.

கருவி எவ்வளவு நுண்ணியதாயினும், மாதிரி பிழைத்தால் முடிவும் பிழைக்கும். ஆகவே மாதிரி எடுக்குமுன் உமது பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கலந்தாலோசிப்பீராக.