180 யென்னுக்கு விலைபோன கோட்டை... ஜப்பானில் பலரும் தவறவிடும் மட்சுயே!

டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா. ஜப்பான் டூர் என்றால் பெரும்பாலும் இந்த மூன்று ஊர்களோடு முடிந்துவிடும். நடுவில் ஃபியூஜி மலை பின்னணியில் ஒரு செல்ஃபி. கியோட்டோ கோயில்களில் கூட்டத்தில் நசுங்கிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு, நாட்டின் இன்னொரு பக்கக் கடலோரத்தில் மட்சுயே என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது.

ஷிமானே மாகாணத்தின் தலைநகரம் இது. மக்கள்தொகை சுமார் 2 லட்சம். ஒரு பக்கம் ஏரி, நடுவில் ஆறு, கோட்டையைச் சுற்றி அகழி என்று ஊரே தண்ணீரில் மிதக்கிறது. இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் வருவதில்லை? காரணம் ரொம்ப சிம்பிள். இங்கே புல்லட் ரயில் கிடையாது. அவசரத்தில் இருக்கும் டூரிஸ்ட்டுகள் அதனால் அப்படியே கடந்துபோய்விடுகிறார்கள். ஊரைக் காப்பாற்றி வைத்திருப்பதும் அதுதான் என்று தோன்றுகிறது.

பார்க்க வேண்டிய முதல் இடம் கோட்டை. 1611-ல் கட்டி முடிக்கப்பட்டது. கறுப்பு மரப்பலகை போர்த்திய, கொஞ்சம் முரட்டுத்தனமான அழகு. ஜப்பானில் இன்று காணப்படும் கோட்டைகளில் பல, பிற்காலத்தில் கான்கிரீட்டில் எழுப்பப்பட்டவை. பழைய மூலக் கோபுரத்தோடு நிற்பவை வெறும் 12. அதில் இதுவும் ஒன்று.

ஆனால், இது நிற்பதே ஒரு பெரிய கதை. சாமுராய் ஆட்சி முடிந்த பிறகு, புதிய அரசுக்குக் கோட்டைகள் வேண்டாத சுமையாகத் தெரிந்தன. 1875-ல் மட்சுயே கோட்டையின் கட்டடங்களை இடித்து எடுத்துக்கொள்ளச் சொல்லி ஏலம் விட்டார்கள். நடுக்கோபுரத்துக்குக் கிடைத்த விலை 180 யென். சேதி கேட்டுப் பதறிய காட்சுபே என்ற வசதியான விவசாயியும், டகாகி கோன்பாச்சி என்ற முன்னாள் சாமுராயும் அதே தொகையைத் திரட்டிக் கட்டி, கோபுரத்தை மீட்டார்கள். சுற்றியிருந்த மற்ற கட்டடங்கள் போய்விட்டன. கோபுரம் மட்டும் தப்பியது.

அதன் பிறகும், 'எப்போது கட்டப்பட்டது என்பதற்கு ஆதாரம் எங்கே?' என்ற கேள்வி பல காலம் தொங்கிக்கொண்டிருந்தது. 2012-ல் கோட்டை வளாகத்தில் உள்ள ஆலயத்தில் இரண்டு பழைய பிரார்த்தனைப் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஆண்டு எழுதப்பட்டிருந்தது. 2015-ல் கோட்டை தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. மேல்தளத்துக்குப் போகும் மரப்படிகள் செங்குத்தானவை. முட்டிவலி உள்ளவர்கள் கீழேயே நின்று ரசிப்பது நல்லது.

கோட்டையைப் பார்த்த கையோடு அகழியில் படகு ஏறிவிடலாம். சுமார் 50 நிமிடச் சவாரி. சில பாலங்கள் மிகவும் தாழ்வானவை. அங்கெல்லாம் படகோட்டி குரல் கொடுத்ததும் படகின் கூரை அப்படியே கீழே இறங்கும். பயணிகள் எல்லோரும் முட்டியில் தலைவைத்துக் குனிய வேண்டும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்! குளிர்காலத்தில் வந்தால், போர்வை மூடிய குட்டி மேஜைக்கு அடியில் கதகதப்பாகக் கால்நீட்டி உட்கார்ந்தபடியே ஊர் சுற்றலாம்.

பேய்க்கதை சொன்ன வாத்தியார்

அகழிக்கு வடக்கே, பழைய சாமுராய் தெருவில் ஒரு சின்ன வீடு இருக்கிறது. கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் பிறந்த லஃப்காடியோ ஹெர்ன் வாழ்ந்த வீடு. சிறு வயதிலேயே தாயைப் பிரிந்தவர், 16 வயதில் இடது கண் பார்வையை இழந்தவர். 1890-ல் ஆங்கில ஆசிரியராக இந்த ஊருக்கு வந்தார். சுமார் 15 மாதங்கள்தான் இருந்தார். குளிர் ஒத்துக்கொள்ளாமல் தெற்கே கிளம்பிவிட்டார். ஆனால், அதற்குள் சாமுராய் குடும்பத்துப் பெண்ணான செட்சுவுடன் இங்கேயே இல்வாழ்க்கையைத் தொடங்கிவிட்டார். பிறகு ஜப்பான் குடியுரிமை பெற்று, கொய்சுமி யாகுமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். செட்சு சொல்லச் சொல்லக் கேட்டு அவர் எழுதிய பேய்க்கதைகள், ஜப்பானியர்களுக்கே தங்கள் பழங்கதைகளைத் திருப்பிக் கொடுத்தன. இந்தத் தம்பதியை அடிப்படையாகக் கொண்டு 2025-ல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே. காலை நேரத் தொடர் ஒன்றைத் தொடங்கியது.

அவர் எழுதி வைத்த உள்ளூர்க் கதைகளில் ஒன்று, மட்சுயேயின் டையோஜி கோயில் மயானத்தைப் பற்றியது. ஒரு மிட்டாய்க் கடைக்கு இரவுதோறும் வெளிறிய முகத்தோடு ஒரு பெண் வருவாள். காசு கொடுத்து, கொஞ்சம் இனிப்புப் பாகு மட்டும் வாங்கிப்போவாள். ஒருநாள் பின்தொடர்ந்த கடைக்காரர், அவள் மயானத்துக்குள் நுழைவதைப் பார்த்து நடுங்கிவிட்டார். கல்லறையைத் திறந்தால், இறந்துபோன தாயின் பக்கத்தில் உயிரோடு ஒரு குழந்தை. அதன் அருகில் பாகுக் கிண்ணம். தாயைப் பிரிந்து வளர்ந்த ஒருவர் இந்தக் கதையைத் தேடி எழுதியதில் ஆச்சர்யமில்லை.

ஏரியைக் காப்பாற்றிய சிப்பி

ஷின்ஜி ஏரிதான் ஊரின் உயிர். ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து, லேசாக உப்புக் கரிக்கும் ஏரி. அந்த உப்பில்தான் 'ஷிஜிமி' என்ற கறுப்பு நிறக் குட்டிச் சிப்பி வளர்கிறது. அதிகாலையில் கரையோரம் நடந்தால், மீனவர்கள் நீளமான கழி பொருத்திய கூடையால் ஏரியின் அடியை வாரிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு அள்ளலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு உண்டு.

இந்தக் காட்சி இல்லாமலே போயிருக்கும். 1963-ல் அரசு ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. பக்கத்து நகாவுமி ஏரியில் ஒரு பகுதியை மூடி வயலாக்குவது, கடல் நீரைத் தடுத்து இரண்டு ஏரிகளையும் பாசனத்துக்கான நன்னீராக மாற்றுவது. மதகுகள்கூடக் கட்டிவிட்டார்கள். உப்பு போனால் சிப்பி போய்விடும், தேங்கிய தண்ணீர் கெட்டுவிடும் என்று மீனவர்களும் ஊர்மக்களும் எதிர்த்தார்கள். 1988-ல் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 2002-ல் நன்னீராக்கும் திட்டமே கைவிடப்பட்டது. இன்று இரண்டு ஏரிகளும் ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. காலை உணவில் சூப்புக் கிண்ணத்துக்குள் கிடக்கும் அந்தச் சிப்பிகளுக்குப் பின்னால் இத்தனை வருடப் போராட்டம் இருக்கிறது.

மாலையில் எல்லோரும் ஏரிக்கரைக்கு வந்துவிடுகிறார்கள். மாகாணக் கலை அருங்காட்சியகம் கரையிலேயே இருக்கிறது. மார்ச் முதல் செப்டம்பர் வரை, அதைச் சாத்தும் நேரமே 'சூரியன் மறைந்து 30 நிமிடம் கழித்து' என்றுதான். எந்த ஊரில் இப்படி ஒரு நேர அட்டவணை உண்டு? எதிரே தண்ணீரில் தெரியும் குட்டித் தீவின் பெயர் யோமெகாஷிமா, அதாவது மருமகள் தீவு. மாமியார் கொடுமை தாங்காமல் தாய்வீட்டுக்குக் கிளம்பியவள், உறைந்த ஏரியில் நடந்தபோது பனி உடைந்து மூழ்கினாளாம். அவள் உடலைத் தாங்கியபடி ஒரே இரவில் அந்தத் தீவு எழும்பியதாம்.

சாப்பாடு? கியோட்டோ, கனஸாவா ஊர்களோடு சேர்த்து, இனிப்புக்குப் பெயர்பெற்ற மூன்று ஊர்களில் ஒன்றாக மட்சுயேயைச் சொல்வார்கள். 18-ம் நூற்றாண்டில் ஆண்ட ஃபூமாய் பிரபு ஒரு தேநீர்ப் பித்தர். அவர் பழக்கிவிட்டது, இன்றும் சாதாரண வீடுகளில் பச்சைத் தேநீரைக் கடைந்து குடிக்கிறார்கள். கூடவே பச்சை மாவு தூவிய 'வகாகுசா' என்ற மென்மையான இனிப்பு. அடுக்கு வட்டப்பெட்டிகளில் வரும் கறுத்த இசுமோ சோபா நூடுல்ஸையும் விட வேண்டாம். சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: நூடுல்ஸில் ஊற்றும் ரசம் பெரும்பாலும் மீன் சாறுதான். சூப்பும் அப்படியே. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தால் யாயேகாகி ஆலயத்துக்குக் கூட்டிப்போகலாம். குளத்தில் ஒரு தாளை மிதக்கவிட்டு அதன்மேல் நாணயம் வைப்பார்கள். 15 நிமிடத்துக்குள் மூழ்கினால் சீக்கிரம் டும்டும்டும்! கரைக்குப் பக்கத்தில் மூழ்கினால் தெரிந்த இடத்து வரன், தள்ளிப்போய் மூழ்கினால் தூரத்து வரன்.

இன்னும் ஒருநாள் கையில் இருந்தால், ஏரிக்கரையோரமாகவே ஓடும் குட்டி ரயிலில் சுமார் ஒரு மணி நேரம் போய் இசுமோ பேராலயத்தைப் பார்த்து வரலாம். பழைய சந்திரக் கணக்கில் 10-வது மாதம் ஜப்பானின் எல்லா தெய்வங்களும் இங்கே கூடுவதாக ஐதீகம். மற்ற ஊர்களுக்கு அது 'தெய்வமில்லா மாதம்', இங்கு மட்டும் 'தெய்வம் இருக்கும் மாதம்'.

போவது எப்படி? ஒகயாமா வரை புல்லட் ரயில், அங்கிருந்து 'யாகுமோ' எக்ஸ்பிரஸில் சுமார் இரண்டரை மணி நேரம். ஆம், ரயிலுக்கும் ஹெர்ன் சூட்டிக்கொண்ட அதே பெயர்தான். டோக்கியோவிலிருந்து என்றால் 'சன்ரைஸ் இசுமோ' இரவு ரயில். தினசரி ஓடும் படுக்கை ரயில் ஜப்பானில் இப்போது இது ஒன்றும், இதோடு இணைந்து கிளம்பும் இன்னொன்றும்தான். ஒரு மாதத்துக்கு முன் புக்கிங் திறந்ததும் டிக்கெட்டுகள் பறந்துவிடும். தயாராக இருங்கள்.

பெட்டியில் குடை கட்டாயம். 'கட்டுச்சோற்றை மறந்தாலும் குடையை மறக்காதே' என்பது இந்தப் பக்கத்து ஆட்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் பாடம்.