பனியன் மார்பில் ஒரு படம்: அதன் விலை யார் கணக்கில்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது பழமொழி. இந்நாளில் ஆடையிலும் பாதி, அதன் மேல் அச்சிட்ட படம் எனலாம். நம் கல்லூரியில் துறைக்கு ஒரு டி-சர்ட் ஆண்டுதோறும் வருகிறது. கால்பந்துக் குழுவுக்கு ஒன்று, ஊர்த் திருவிழாவுக்கு ஒன்று, நண்பனின் திருமணத்திற்குக்கூட ஒன்று. திருவட்டாறு பேருந்து நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்றால் பத்துப் படங்களாவது நம் கண்முன் நடந்து போகும். துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லோரும் திருப்பூர் என்பார்கள். படம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். "போனில் கிடைத்தது" என்பார்கள். அல்லது "நம்ம பயல் ஒருத்தன் வரஞ்சு தந்தான்" என்பார்கள். இவ்விரு விடைகளுக்குள்ளும் ஒரு கடன் மறைந்து கிடக்கிறது. அக்கடனைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் அச்சு வேலையைச் சற்று நோக்குவோம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு மரச் சட்டத்திலோ அலுமினியச் சட்டத்திலோ மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டுகிறார்கள். அதன் மேல், ஒளி பட்டால் இறுகும் பசையைப் பூசுகிறார்கள். படத்தைக் கறுப்பில் எடுத்த 'பாசிட்டிவ்' தாளை அதன் மேல் வைத்து வெளிச்சம் காட்டினால், கறுப்பு மறைத்த இடத்தில் மட்டும் பசை இறுகாது நிற்கும். தண்ணீரில் கழுவ அவ்விடம் திறந்துகொள்ளும். அதன் வழியே மை துணியில் இறங்கும். வேதியியல் மாணவர்க்கு இதைவிட இனிய பாடம் உண்டோ? ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். மூன்று நிறமென்றால் மூன்று. பத்து உருப்படி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் இந்த முன்செலவு ஒன்றே. இப்போது பரவியுள்ள டி.டி.எஃப். முறையில் படத்தை ஒரு பிலிமில் அச்சிட்டு, ஒட்டுப்பொடி தூவி, சூட்டால் துணிக்கு மாற்றுகிறார்கள். ஸ்கிரீன் தேவையில்லாததால் இருபது உருப்படிக்கும் கட்டுபடியாகிறது.

எம்முறையாயினும் படம் தெளிவாக இருந்தாக வேண்டும். மார்பில் 10 அங்குல அகலத்துக்கு அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், குறுக்கே 3,000 புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் பலர் கைமாறி வந்த படம் சுருங்கிச் சோர்ந்துபோயிருக்கும். அதை அப்படியே அடித்தால் விளிம்புகள் பல்லிளிக்கும். ஆகவே அச்சகத்தில் ஒருவர் அமர்ந்து அதைப் புதிதாக வரைய வேண்டியிருக்கும். அதற்கும் கூலி உண்டு. இலவசம் என்று நாம் எடுத்த படம் இலவசமாக இருப்பதில்லை. பணம் முதலில் வரைந்தவருக்குப் போகாமல் வேறிடம் போகிறது, அவ்வளவே.

என் நண்பன் ஒருவன் பள்ளி நாளிலேயே பென்சிலும் கையுமாகத் திரிந்தவன். ஓர் ஊரின் விளையாட்டு மன்றத்துக்காகச் சீறும் காளை ஒன்றை வரைந்து கொடுத்தான். இரண்டு மாலையும் ஒரு ஞாயிறும் அதில் கழிந்தன. பனியன் வந்தது; பில்லில் துணி இருந்தது, ஸ்கிரீன் இருந்தது, பார்சல் கூலி இருந்தது. படம் என்றொரு வரி இல்லை. அவனும் மற்றவர்களைப் போலவே தன் பனியனுக்குப் பணம் கட்டித்தான் வாங்கினான்! ஆறு மாதம் கழித்து அதே காளை வேறோர் ஊர்க்காரர் முதுகில் சென்றதைக் கண்டோம். "புகழ்தானே" என்று சிலர் தேற்றினர். புகழாவது? படத்தின் அடியில் அவன் பெயரா இருந்தது?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. 1971-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு பயின்ற கரோலின் டேவிட்சன் என்ற மாணவி, ஒரு காலணி நிறுவனத்துக்கு ஒரு சின்னம் வரைந்து 35 டாலருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதுவே இன்று உலகெங்கும் சட்டையிலும் செருப்பிலும் நாம் காணும் நைக்கி வளைவு. 1983-இல் அந்நிறுவனம் அவருக்கு மோதிரமும் பங்குகளும் அளித்துச் சிறப்பித்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்தாவது நினைத்தார்களே என்று மகிழலாம். ஆனால் அது அவர்கள் பெருந்தன்மை. அவர் எழுதிய சீட்டில் அதற்கு இடமில்லை.

சே குவேராவின் முகம் வேறு கதை. 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஓர் அஞ்சலிக் கூட்டத்தில் ஆல்பர்டோ கோர்டா எடுத்த புகைப்படம் அது. 1968-இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் அதனைக் கறுப்பு சிவப்பில் வரைய, பின்னர் உலகத்துப் பனியன்களிலெல்லாம் ஏறியது. கோர்டாவுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. அவரும் கேட்கவில்லை, மக்கள் அணிவதை அவர் விரும்பினார். ஆனால் 2000-இல் ஒரு வோட்கா விளம்பரத்தில் அதைப் பயன்படுத்தியபோது வழக்குத் தொடுத்தார். கிடைத்த 50,000 டாலரைக் கியூபாவின் குழந்தைகள் மருத்துவத்துக்கே அளித்தார். இலவசமாகத் தருவதும் வரைந்தவர் உரிமை, மறுப்பதும் அவர் உரிமை என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இனி நம் நாட்டுச் சட்டம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஓவியம், வரைபடம், புகைப்படம் யாவற்றையும் காக்கிறது. கலைத்தரம் உண்டா இல்லையா என்று பார்ப்பதில்லை. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வரைந்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. அது யாருக்கு என்பதைப் பதினேழாம் பிரிவு சொல்கிறது. பொதுவில் வரைந்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் தம் பணியாக வரைந்தால் முதலாளிக்கு. ஒருவர் கேட்டுக்கொண்டபடி, தக்க பணமோ ஈடோ பெற்று எடுத்த புகைப்படமும், வரைந்த வண்ண ஓவியமும் உருவப்படமும், மாறாக ஒப்பந்தம் இல்லாவிடில், கேட்டவருக்கே சேரும்.

இதிலுள்ள வேடிக்கையைக் கவனித்தீர்களா? பணம் கொடுக்காமல் வாங்கிய படம் சட்டப்படி நம்முடையது ஆவதே இல்லை. என் நண்பனின் காளை இன்றும் அவனுடையதே. மறுபுறம், பேச்சில்லாமல் நூறு ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்ட ஓவியன், உருவப்படமாக இருந்தால், முழு உரிமையையும் நூறு ரூபாய்க்கு இழந்துவிடக்கூடும். எனவே எழுத்து இரு தரப்புக்கும் வேண்டும்.

என்ன எழுதுவது? எங்கள் வீட்டுக்கு ரப்பர் மரம் கிடையாது. பிறர் தோட்டத்தில் பால் வெட்டியே என்னைக் கல்லூரிக்கு அனுப்புகிறார் என் தந்தை. ஆகவே பாட்டம் என்றால் என்ன, கிரயம் என்றால் என்ன என்பது எனக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். பாட்டம் எடுத்தவர் குறித்த ஆண்டு வரை பால் எடுக்கலாம், மரம் உடையவருடையதே. கிரயம் வாங்கியவருக்கு மரமும் மண்ணும் சொந்தம். படத்துக்கும் இவ்விரு வழிகளே. முழு உரிமையைக் கிரயம் கொடுப்பதாயின் வரைந்தவர் கையெழுத்திட்ட எழுத்து கட்டாயம். அதில் எத்தனை ஆண்டு என்று குறிக்காவிடில் சட்டம் ஐந்து ஆண்டு என்றே கொள்ளும். எந்த நிலப்பரப்பு என்று குறிக்காவிடில் இந்தியா மட்டும் என்று கொள்ளும். துறைப் பனியனுக்குக் கிரயம் எதற்கு? பாட்டம் போதும். இத்தனை உருப்படி, இந்த ஆண்டு, இந்தத் துறைக்கு மட்டும் என்று எழுதினால் விலையும் குறையும், வரைந்தவர் மனமும் நிறையும்.

கிரயம் கொடுத்த பின்னும் ஒன்று ஓவியரிடமே நிற்கும்: இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையும், தம் பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும். தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த தம் வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-இல் பெயர்த்துப் பாழாக்கப்பட்டதை எதிர்த்து அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

பனியனுக்கென்றே ஒரு தனி வலையும் சட்டத்தில் இருக்கிறது. வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் இசைவு பெற்றவரோ தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் பொருளில் பதித்துவிட்டால், அதன் பதிப்புரிமை அற்றுப்போகும். தானே நிற்கும் ஓவியத்தையும் பொருளுக்கென அமைத்த வடிவமைப்பையும் எவ்வாறு பிரித்தறிவது என்பதற்கு, 2025 ஏப்ரலில் கிரையோகாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோல்கள் வகுத்துள்ளது. வரையும் நண்பர்கள் முதலில் தாளில் முழு ஓவியமாக வரைந்து, நாளும் கையெழுத்தும் இட்டு வைப்பது நன்று.

பணமே இல்லை என்போர் என் செய்வது? பழையதை நாடலாம். ஓவியர் மறைந்து அறுபது ஆண்டு வரையே பதிப்புரிமை. திருவிதாங்கூர்க் கிளிமானூரில் பிறந்து, 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களை வீடுதோறும் அனுப்பிய ராஜா ரவிவர்மா 1906-இல் மறைந்தார். அவர் படங்கள் இன்று பொதுச் சொத்து. சிவகாசி நாள்காட்டிகளில் தெய்வங்களைத் தீட்டிய கோவில்பட்டி கொண்டையராஜு மறைந்ததோ 1976-இல். அவை ஓவியருடையவையா அச்சகத்தாருடையவையா என்பது வேறு கேள்வி. 2036 முடியும் வரை யாரோ ஒருவருடையவை. நம் ஆதிகேசவப் பெருமாள் கோயில் சுவரோவியங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் 2022 ஜூலைக் குடமுழுக்கை ஒட்டி ஒருவர் எடுத்த அழகிய புகைப்படம் அவருடையது. (பெருமாளை வியர்வை பட அணிவது தகுமா என்பதைப் பெரியோர் சொல்லட்டும்.)

வள்ளுவர் விஷயத்தில் பலர் தடுமாறுகின்றனர். நாம் எங்கும் காணும் அந்த முகம் தானாகத் தோன்றியதன்று, கே.ஆர். வேணுகோபால் சர்மா தீட்டி, 1964-இல் சட்டமன்றத்தில் திறக்கப்பெற்றது. கன்னியாகுமரிக் கடலில் கணபதி ஸ்தபதி வடித்து, 2000 சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற 133 அடிச் சிலையின் நிலை வேறு. பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பத்தை வரைந்தோ படம் பிடித்தோ வெளியிடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஒரு ஞாயிறு கடற்கரைக்குப் போய் நாமே வரைந்துவிடலாமே!

படமே வேண்டாம், எழுத்து போதும் என்போரும் உளர். 2020 செப்டம்பரில் 'ஹிந்தி தெரியாது போடா' பனியன் பரவித் திருப்பூருக்கு ஆர்டர்கள் குவிந்தபோது, அதில் இருந்தவை சில எழுத்துகளே. அத்தகைய சிறு தொடருக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை. ஆயினும் எழுத்துருவுக்கு உரிமம் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்றவை இலவசமாக எழுத்துருக்கள் தருகையில் திருட்டு எழுத்துரு நமக்கு ஏன்?

இறுதியாக விலை. 120 பேர் கொண்ட துறை, வரைபவருக்கு 2,400 ரூபாய் தருவதாக வைத்துக்கொள்வோம். தலைக்கு 20 ரூபாய். ஒரு சாயாவும் வடையும். பாதியை முன்பணமாகத் தருவதும், இரண்டு திருத்தம் வரை இலவசம், அதற்கு மேல் தனிக்கூலி என்று வைப்பதும் வழக்கமானால் சண்டை வராது. வரைபவரும் மாதிரிக்குச் சிறிய படத்தைக் காட்டி, மீதிப் பணம் வந்த பின்பே அச்சுக்கான பெரிய கோப்பைத் தரலாம். சீட்டு இப்படி இருந்தால் போதும்:

"என்னால் வரையப்பட்ட, இத்துடன் இணைத்துள்ள படத்தை, இக்கல்லூரி வேதியியல் துறை இக்கல்வியாண்டில் 120 பனியன்களில் மட்டும் அச்சிட்டுக்கொள்ள இசைகிறேன். இதற்காக ரூ. 2,400 பெற்றுக்கொண்டேன். படத்தின் அடியில் என் பெயர் இடம்பெற வேண்டும். மற்ற உரிமைகள் என்னிடமே இருக்கும். மறுமுறை அச்சிடப் புதிதாகக் கேட்க வேண்டும்." கீழே நாள், இருவர் கையெழுத்து, ஆளுக்கு ஒரு படி.