அமெரிக்கக் குடும்பக் கார்: பெருகியதும் அருகியதும்

மோட்டார் காரை முதலில் ஓட்டிக் காட்டியவர்கள் ஜெர்மானியர். அதனைச் சாதாரணக் குடும்பத்தின் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அமெரிக்கர். முன்னதற்குப் பொறியறிவு போதுமானதாக இருந்தது. பின்னதற்கு வாங்குவோர் மனத்தை அறியும் அறிவும் வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது அறிவு எங்கே கிடைத்தது, எப்படிக் கைவிட்டுப் போயிற்று என்பதே இங்கு ஆராயத்தக்க செய்தியாகும்.

நான்கு கதவுகளும், ஐந்தாறு பேர் அமரும் இடமும், வெயில் மழை படாத நிலையான கூரையும், பின்னால் பெட்டி படுக்கை வைக்கத் தனி அறையும் உடைய வண்டியைச் 'செடான்' என்பர். பந்தயக் கார்களைப் பற்றியும் பணக்காரர் கார்களைப் பற்றியும் நூல்கள் ஏராளமாக உள்ளன. சந்தைக்கும் பள்ளிக்கும் வேலைக்கும் போய்வந்த இந்தச் சாதுவான வண்டியைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஆயினும் பெரிய பெரிய கம்பெனிகளை வாழவைத்ததும் கலங்கவைத்ததும் இந்த வண்டியே.

ஹென்றி போர்டு 1908-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டி மாடல்' காரைப் பலரும் குடும்பக் காரின் தாய் எனக் கூறுவர். அது ஓரளவே உண்மை. அப்போது அதன் விலை 850 டாலர். 1913-இல் வண்டியை ஆட்களிடம் நகர்த்திக்கொண்டு போகும் ஓடும் வரிசை முறை வந்தது. வேலை விரைந்தது, விலை விழுந்தது. 1925-இல் அக்காரின் மிக மலிவான வகை 260 டாலருக்குக் கிடைத்தது. 1927-இல் நிறுத்தப்படுமுன் ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன. ஆனால் அவற்றுள் பல, துணிக்கூரை போட்ட திறந்த வண்டிகள். மழைக்காலத்தில் மனைவி மக்களை ஏற்றிச் செல்ல அவை ஏற்றவை அல்ல. பனி கொட்டும் அமெரிக்க மாரிக்காலத்தைச் சொல்லவே வேண்டியதில்லை.

மூடிய கார் ஏன் முதலிலேயே பரவவில்லை? விலைதான் காரணம். மரச்சட்டத்தின்மேல் தகடு அறைந்து, கண்ணாடி பொருத்தி, கைவேலையாகச் செய்த கூண்டு அது. திறந்த வண்டியைவிட விலை மிக அதிகம். 1922-இல் ஹட்சன் கம்பெனி 'எஸ்ஸெக்ஸ்' என்னும் மூடிய காரை எளிமையான அமைப்பில், 1,495 டாலருக்கு விற்கத் தொடங்கியது. பின்னர் அவ்விலையையும் குறைத்துக்கொண்டே போயிற்று. மக்கள் அதையே கேட்டார்கள். 1919-இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் நூற்றுக்குப் பத்தளவே மூடியவை. 1927-இல் நூற்றுக்கு எண்பத்தைந்து. எட்டே ஆண்டுகளில் ஒரு நாட்டின் பழக்கம் தலைகீழாக மாறிவிட்டது. கனமான கூண்டைத் தாங்குவதற்கு ஏற்றதாக டி மாடலின் இலேசான அடிச்சட்டம் அமையவில்லை. போர்டோ தம் காரை மாற்றச் சம்மதிக்கவில்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் இந்த இடத்தில்தான் முந்தினார். அவர் கண்ட வழி, செவர்லே முதல் கேடிலக் வரை ஒவ்வொரு வருவாய்க்கும் ஒவ்வொரு காரைப் படிப்படியாக அடுக்கிவைப்பது. பலவகை நிறங்கள், ஆண்டுதோறும் மாறும் தோற்றம், பழைய காரை வாங்கிக்கொண்டு புதியது கொடுத்தல் ஆகியவை அதனுடன் சேர்ந்தன. இவற்றினும் பெரியது தவணை முறை. அதற்கெனவே 1919-இல் அக்கம்பெனி தனி நிதி நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. கடன் வாங்குதல் தீது என்னும் கொள்கையுடைய போர்டு, 1923-இல் வேறொரு திட்டத்தைக் கொண்டுவந்தார். வாரம் ஐந்து டாலர் சேமித்து வரவேண்டும். முழு விலையும் சேர்ந்தபின் காரை எடுத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு நல்லொழுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் காரை ஓட்டிக்கொண்டு பின்பு பணம் கட்டு என்று பக்கத்துக் கடைக்காரன் கூப்பிடும்போது, இரண்டாண்டு காத்திருக்க எந்தக் குடும்பம் முன்வரும்? திட்டம் தோற்றது. 1927-இல் செவர்லே போர்டை விஞ்சியது.

இவ்வளவும் எங்கோ தொலைவில் நடந்த வியாபாரப் போட்டி எனத் தோன்றலாம். ஆனால் அந்தக் கார்கள் உருண்டது ரப்பர் சக்கரத்தின்மீது. 1920-களில் உலக ரப்பரில் பெரும்பங்கை வாங்கியது அமெரிக்கா. மிகுதியாக விளைவித்தது மலாயா. பால்வெட்டியவர்களில் பெருந்தொகையினர் தமிழர். 1922-இல் வந்த ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டம் ரப்பர் விலையை உயர்த்தியபோது, அமெரிக்க வர்த்தக மந்திரி ஹெர்பர்ட் ஹூவர் கூக்குரலிட்டார். பயர்ஸ்டோன் லைபீரியாவுக்கும், போர்டு பிரேசில் காட்டுக்கும் தோட்டம் போடச் சென்றனர். 1929-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 53 இலட்சம் மோட்டார் வண்டிகள் செய்தன. 1932-இல் அத்தொகை 14 இலட்சத்துக்கும் கீழே சரிந்தது. டெட்ராய்ட் நகரத்து ஆலைகள் அடைபட, மலாயாத் தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்து, ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றப்பட்டனர். ஓகாயோவில் ஒரு குடும்பம் கார் வாங்குவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தால், பேராக்கில் ஒரு குடும்பத்தின் உலை அணைந்தது என்பது உவமையன்று, கணக்கு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்பக் காரின் பொற்காலம் தொடங்கிற்று. நகரங்களுக்கு வெளியே புறநகர்க் குடியிருப்புகள் பெருகின. 1956-இல் நாடளாவிய பெருஞ்சாலைச் சட்டம் நிறைவேறியது. பெட்ரோல் மலிவு; வீட்டுக்கும் கடைக்கும் இடையே மைல் கணக்கில் தூரம்; காரின்றிப் பால் வாங்கவும் இயலாத நிலை. ஆப்பிரிக்க மான் ஒன்றின் பெயர் பூண்ட செவர்லே 'இம்பாலா', 1965-ஆம் ஒரே ஆண்டில் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது.

இக்காலத்தின் பெருந்தோல்வியையும் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. 1957 செப்டம்பரில் போர்டு கம்பெனி 'எட்செல்' என்னும் காரை மிகுந்த ஆரவாரத்துடன் வெளியிட்டது. பல ஆண்டு ஆராய்ச்சி, மாதக்கணக்கில் விளம்பரம். ஆனால் வாங்குவோர்க்கு அக்கார் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதே விளங்கவில்லை. பொருளாதாரத் தளர்ச்சியும் அவ்வேளையில் வந்து சேர்ந்தது. 1959 நவம்பரில் அதனை நிறுத்திவிட்டனர். மக்களிடம் கேள்வி கேட்பது வேறு, விடையைக் காதில் வாங்குவது வேறு என்பதற்கு எட்செல்லைப் போன்ற சான்று கிடைப்பது அரிது.

1973-இலும் 1979-இலும் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெரிய வண்டிகள் பாரமாயின. சிறியனவும் பழுது குறைந்தனவுமான ஜப்பானியக் கார்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. 1980 முதல் 1982 வரை மூன்றாண்டுகளில் போர்டு கம்பெனி முந்நூறு கோடி டாலருக்கு மேல் நட்டப்பட்டது. இந்த இக்கட்டில் பிறந்ததே 'டாரஸ்'. நம்மவர் ரிஷபராசி என்பதையே அப்பெயர் குறிக்கும்.

டாரஸின் கதை விரிவாகச் சொல்லத்தக்கது. அதற்கு முன் அமெரிக்கக் கம்பெனிகளில் ஒரு கார் பிறக்கும் முறை விசித்திரமானது. உருவம் வரைவோர் வரைந்து பொறியாளரிடம் தள்ளுவர். அவர் தொழிற்சாலைக்குத் தள்ளுவார். தொழிற்சாலை விற்பனையாளரிடம் தள்ளும். ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் கண்டாலும் திரும்பிச் சொல்ல வழியில்லை. லூயிஸ் வெரால்டி என்பவர் தலைமையில் இவர்கள் அனைவரையும் தொடக்கத்திலேயே ஒரே குழுவாக உட்காரவைத்தனர். உலகின் சிறந்த கார்களை விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி, கதவு மூடும் ஓசை முதல் இருக்கை நகரும் எளிமை வரை ஏறத்தாழ 400 சிறப்புகளைப் பட்டியலிட்டு, அவற்றை எட்டவோ விஞ்சவோ முயன்றனர்.

தொழிலாளரையும் கேட்டார்கள். இது புதுமை. திருகாணிகளின் தலை பலபல அளவாக இருப்பதால் ஸ்பேனரை மாற்றி மாற்றி எடுக்கவேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவாகச் செய்தாலென்ன என்று கேட்டனர் வரிசையில் நிற்பவர்கள். அவ்வாறே செய்யப்பட்டது. இத்தனை எளிய யோசனை, மோட்டார் தொழில் தோன்றி முக்கால் நூற்றாண்டு கழிந்தபின் எழுத்தில் ஏறியது என்றால், அதுவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் பொருள்.

வாங்குவோர்க்கு எது பிடித்தது? ஜாக் டெல்னாக் தலைமையில் வரைந்த உருவம் வழவழப்பாக, காற்றைக் கிழித்துச் செல்லுமாறு இருந்தது. முகப்பில் வழக்கமாக மின்னும் உலோகக் கம்பிச் சட்டம் இல்லை. கம்பெனியின் நீள்வட்ட முத்திரை மட்டும் இருந்தது. அந்நாளில் ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே, பான்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூயிக் நான்கும் உடன்பிறந்த இரட்டையர்போல் இருந்தமையால் வேறுபாடு பளிச்செனத் தெரிந்தது. ஆனால் உருவம் கடைவாயில் வரைதான் அழைத்துவரும். உள்ளே இருந்தவை இல்லத்தரசியர் மதித்த சிறு வசதிகள். காய்கறிப் பை கவிழாதிருக்கப் பின்பெட்டியில் ஒரு வலை. சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் விரலால் தடவியே அறியத்தக்க பொத்தான்கள். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி முதலியவற்றுக்கு மஞ்சள் நிறம். ஆகவே இயந்திரம் அறியாதவரும் எதைத் தொடலாம் என்று காண முடிந்தது. விலையோ ஏறத்தாழ 10,000 டாலரில் தொடங்கியது. ஐரோப்பியக் கார்களின் சாயலை ஆசிரியரும் எழுத்தரும் வாங்கும் விலையில் கொடுத்தனர் எனலாம்.

1985 டிசம்பர் இறுதியில் டாரஸ் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டில் போர்டு கம்பெனியின் இலாபம், 1924-க்குப் பின் முதன்முறையாக, ஜெனரல் மோட்டார்ஸின் இலாபத்தை மிஞ்சிற்று. 1989 முதல் 1991 வரை நாட்டில் மிகுதியாக விற்ற கார் என்னும் இடம் ஜப்பானிய ஹோண்டா 'அக்கார்டு'க்கு இருந்தது. 1992-இல் நான்கு இலட்சத்துக்குமேல் விற்று டாரஸ் அதனைப் பறித்து, 1996 வரை வைத்திருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. விற்பனைத் தொகையை மட்டும் பார்ப்பவன் ஏமாறுவான். டாரஸ் விற்றவற்றில் ஒரு பெரும்பகுதி, வாடகைக் கார் கம்பெனிகளுக்கும் பிற நிறுவனங்களுக்கும் மொத்தமாக, தள்ளுபடியில் போனவை. 1996-இல் வந்த புதிய உருவத்தில் பின் கண்ணாடி முதல் உள்ளிருக்கும் பொத்தான் பலகை வரை எல்லாமே நீள்வட்டம். குடும்பங்கள் முகஞ்சுளித்தன. அவ்வாண்டிலும் முதலிடம் டாரஸுக்கே. ஆனால் விற்றவற்றுள் ஏறத்தாழப் பாதி வாடகைக் கம்பெனிகளுக்குச் சென்றவை. அவை ஓரிரு ஆண்டில் பழைய கார்ச் சந்தைக்கு வந்து குவிந்து, சொந்தப் பணத்தில் வாங்கியவனுடைய காரின் மதிப்பையும் கெடுத்தன. பத்தாண்டுக்கு முன் காய்கறிப் பையைக்கூட நினைத்துப் பார்த்த கம்பெனி, இப்போது நீள்வட்டத்தை மட்டும் நினைத்தது.

1997-இல் டொயோட்டா 'கேம்ரி' முதலிடம் பெற்றது. மகுடம் என்னும் பொருள்படும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். அதனை அயல்நாட்டுக் கார் என்பதும் முற்றும் சரியன்று. 1981-இல் ஜப்பானியக் கார் இறக்குமதிக்கு வரம்பு வகுக்கப்பட்டபோது, ஜப்பானியர் அமெரிக்க மண்ணிலேயே ஆலை கட்டலாயினர். 1982-இல் ஓகாயோ மாநிலத்தில் அக்கார்டும், 1988-இல் கென்டக்கியில் கேம்ரியும் அமெரிக்கத் தொழிலாளர் கையால் உருவாயின. அழகில் கேம்ரி பரபரப்பூட்டுவதன்று. பழுதாகாமல் ஓடும், விற்கும்போது விலை நிற்கும். குடும்பத் தலைவன் கேட்ட இரண்டும் அவை.

பின்னர் செடான் அருகியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1975-இல் இயற்றிய எரிபொருள் சிக்கனச் சட்டத்தின்படி கார்களுக்குக் கடுமையான அளவும், சிறு லாரி வகைக்கு இளகிய அளவும் விதிக்கப்பட்டன. சிறு லாரி என்றது பண்ணைக்காரர் வண்டியை. ஆனால் கம்பெனிகள் லாரி அடிச்சட்டத்தின்மேல் குடும்பத்துக்கான கூண்டை ஏற்றினால் சட்டப்படி அதுவும் லாரியே. 1990-இல் வந்த போர்டு 'எக்ஸ்ப்ளோரர்' அவ்வகையினது. ஒரு செடானில் கிடைப்பதைவிட இவ்வகை வண்டி ஒன்றில் இலாபம் பன்மடங்கு. உயர்ந்த இருக்கையும் தாராளமான இடமும் குடும்பங்களுக்குப் பிடித்தன. கம்பெனிக்கோ அதைவிட அதிகமாகப் பிடித்தது. நல்ல பொறியாளர்களும் விளம்பரப் பணமும் அங்கே போயின. கவனிப்பாரற்ற செடான் வாடியது. வாடியதைக் காட்டி, மக்கள் விரும்பவில்லை என்றனர். மக்களின் விருப்பம் மாறியது மெய்; ஆனால் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் கேம்ரி விற்றுக்கொண்டிருந்ததும் மெய்.

2018 ஏப்ரலில் போர்டு கம்பெனி வட அமெரிக்காவில் செடான்களைக் கைவிடுவதாக அறிவித்தது. 2020-இல் இம்பாலா நின்றது. 2024 நவம்பரில் செவர்லே 'மாலிபு'வும் நின்றது. அமெரிக்க டாரஸின் கடைசி வண்டி 2019 மார்ச்சில் சிக்காகோ ஆலையிலிருந்து வெளிவந்தது. 1924-இல் டி மாடல் செய்வதற்குத் திறக்கப்பட்ட அதே ஆலை அது. டாரஸ் நின்றபின்னும் அவ்வாலையில் எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தன.